பச்சிளம் குழந்தையின் முதல் மாதம்: வீட்டில் எதைக் கவனிப்பது?

2020-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 28 பேர் ஒரு வயதைத் தாண்டவில்லை என்கிறது மத்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கு. அந்த 28 பேரில் 20 பேர் முதல் 28 நாளுக்குள், அதிலும் 15 பேர் முதல் வாரத்திலேயே போய்விட்டார்கள். குறைமாதம், எடைக்குறைவு, பிறக்கும்போதே மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, பிறவிக் குறைபாடு, பெரும்பாலும் காரணம் இவைதான். கர்ப்ப காலத்துப் பரிசோதனை, சத்து மாத்திரை, ஆஸ்பத்திரிப் பிரசவம் பற்றியெல்லாம் நர்ஸம்மாவே சொல்லிவிடுவார், வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

முதலில் பால். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மஞ்சளாக வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொட்டு வைக்க வந்தால், வருகிறவர் மனம் கோணினாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுதைப்பால், உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம், ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை.

குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள். மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது, சாம்பிராணிப் புகை போடுவது எல்லாம் பாசத்தில் செய்வதுதான், ஆனால் அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் முடியும். தொப்புளில் எதையும் தடவ வேண்டாம், காய்ந்து தானாக விழட்டும்.

எடை 2.5 கிலோவுக்குக் குறைவா? அப்போது சூடுதான் முக்கியம். டயப்பர், குல்லா, காலுறை மட்டும் போட்டு, அம்மாவின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, துணியால் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், குழந்தையைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டிகளின் பற்றாக்குறையில் தொடங்கிய முறை இது. அப்பாவும் செய்யலாம், சட்டையைக் கழற்றினால் போதும்.

அப்புறம் மூச்சை எண்ணப் பழகுங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று போனில் நேரம் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தப்பாகிவிடும், ஏனென்றால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு ஒரே சீராக வராது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுங்கள், மறுபடியும் அப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே இந்த மாதிரிக் கவனிப்பைச் சொல்லிக்கொடுத்தார்கள், மூன்றாவது வருஷத்தில் பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததாக அவர்களுடைய 1999 ஆய்வு சொல்கிறது.

மூச்சு மட்டுமல்ல. பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்குவது, வலிப்பு, காய்ச்சல், உடம்பு சில்லிட்டுப் போவது, உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, இதில் ஒன்று இருந்தாலும் தொக்கம் எடுக்க ஆள் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தனிப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கேளுங்கள், போகும் வழியிலும் குழந்தை மார்போடு ஒட்டியே இருக்கட்டும், டிஸ்சார்ஜ் சீட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.