ரியூனர் பெடலில் சுருதி சேர்ப்பது: கிற்றாருக்கும் பேஸுக்கும்

நிலாவெளிக் கடற்கரை விடுதிகளில் மே முதல் செப்டெம்பர் வரை இசைக் குழுக்களுக்கு வேலை இருக்கும். அந்தக் குழுக்கள் சிலவற்றைக் கேட்கும்போது, இரண்டு பாட்டுகளுக்கு இடையில் கிற்றார்காரர் ஒவ்வொரு தந்தியாக ‘டொய்ங், டொய்ங்’ என்று தட்டிச் சுருதி பார்ப்பது ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரை முழுவதும் கேட்கும். சாப்பிட வந்தவர்களும் அவரோடு சேர்ந்து சுருதி சேர்க்க வேண்டியதுதான். புதிதாகப் பழகுகிறவர்களிடம் ரியூனர் பெடல் (சுருதியைத் திரையில் காட்டும், காலால் மிதித்து இயக்கும் சிறு பெட்டி) வாங்கச் சொல்வதற்கு எனக்கு முதற்காரணம் இதுவே: காலால் ஒருமுறை மிதித்தால் வாத்தியத்தின் ஒலி அம்பிளிபயருக்குப் போகாமல் நின்றுவிடும், நீங்கள் சத்தமில்லாமல் சுருதி சேர்க்கலாம், மறுபடி மிதித்தால் ஒலி திரும்பி வரும்.

கிற்றாரின் தலைப்பகுதியில் கவ்வி வைக்கும் கிளிப் ரியூனர் மலிவானது, வீட்டில் பழகுவதற்கு அது போதும். ஆனால் அது மரத்தின் அதிர்வை வைத்தே சுருதியைக் கணிக்கிறது என்பதால், பக்கத்தில் டிரம்ஸும் பேஸும் முழங்கும் மேடையில் தடுமாறிப்போகும். பெடல் பிக்கப்பிலிருந்து (தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பகுதி) வரும் மின்னொலியை நேரடியாக வாங்குகிறது. பக்கத்துச் சத்தம் அதைக் குழப்பாது. நம் பக்கத்துக் குழுக்களில் அதிகம் காணக்கூடியவை பொஸ் நிறுவனத்தின் டி.யு. 3, கோர்க் நிறுவனத்தின் பிட்ச்பிளாக், டி.சி. இலெக்ட்ரோனிக்கின் பொலிடியூன் ஆகியவை. எதை வாங்கினாலும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் பெடல் பழுதாவது பெரும்பாலும் இங்கேதான். இந்தப் பெடல்களுக்குத் தேவை 9 வோல்ட் நேர்மின்னோட்டம், அதுவும் அடப்டர் பிளக்கின் நடுமுனை எதிர்மின்னாக இருக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் வைஃபை ரௌட்டரின் அடப்டர் பெடலின் துளையில் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் அது பெரும்பாலும் 12 வோல்ட் தருவது, நடுமுனை நேர்மின்னாக இருப்பது. ஆகவே பிளக் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியடையாமல், அடப்டரின் முதுகில் அச்சிட்டிருக்கும் வட்டப் படத்தைப் பாருங்கள். நடுப்புள்ளியிலிருந்து செல்லும் கோடு கழித்தல் குறியில் முடிந்தால் அது பெடலுக்கு உரியது, கூட்டல் குறியில் முடிந்தால் அதை ரௌட்டருக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது இணைப்பு. அம்பிளிபயரின் ஒலியளவை முழுவதும் குறைத்துவிட்டு, கிற்றாரிலிருந்து வரும் கேபிளைப் பெடலின் வலப்பக்கத்துத் துளையிலும், இடப்பக்கத்துத் துளையிலிருந்து இன்னொரு கேபிளை அம்பிளிபயரிலும் செருகுங்கள். பெரும்பாலான பெடல்களில் உள்வாங்குவது வலப்பக்கம், வெளிவிடுவது இடப்பக்கம். வேறு பெடல்களும் இருந்தால் ரியூனரை எல்லாவற்றுக்கும் முன்னால், கிற்றாருக்கு மிக அருகில் வையுங்கள், ஏனென்றால் டிஸ்டோர்ஷனும் கோரஸும் கலந்து மாற்றிய ஒலியைவிடத் தந்தியின் கலப்பில்லாத ஒலியே கணிப்புக்கு எளிது. பழைய வகை ஃபஸ் பெடல்கள் சில, தமக்கு முன்னால் பஃபர் (மின்னொலி வலுவிழக்காமல் காக்கும் சுற்று) உள்ள பெடல் இருந்தால் ஒலி மெலிந்து கரகரக்கும். அப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் மட்டும் அதை ரியூனருக்கு முன்னால் வைத்துப் பாருங்கள்.

இனிச் சுருதி சேர்க்கும் வேலை. கிற்றாரின் ஒலியளவுக் குமிழை முழுவதும் திறவுங்கள், கழுத்தை ஒட்டிய பிக்கப்பைத் தெரிவுசெய்யுங்கள், டோன் குமிழைப் பாதிக்கு மேல் குறையுங்கள். இவ்வளவும் செய்வது, தந்தியின் மேலொலிகளை அடக்கி அடிப்படை ஒலியைப் பெடலுக்குத் தெளிவாகக் கொடுப்பதற்காக. இப்போது பெடலை மிதியுங்கள், திரை ஒளிரும், அம்பிளிபயர் மௌனமாகும்.

தந்தியைத் தட்டும் விதத்தில்தான் புதியவர்கள் அதிகம் பிழைவிடுகிறார்கள் என்பது என் அனுபவம், பெடலில் அல்ல. ஒரு தந்தியைப் பலமாக இழுத்து விட்டால் அது முதற்கணத்தில் தன் உண்மைச் சுருதியைவிடச் சற்று மேலே நின்று, அதிர்வு குறையக் குறையக் கீழிறங்கி நிலைகொள்ளும். அந்த முதற்கணத்து விளக்கைப் பார்த்து நீங்கள் திருகைத் தளர்த்தினால், தந்தி அடங்கும்போது சுருதி குறைந்திருக்கும். அதைப் பார்த்து மீண்டும் முறுக்குவீர்கள். இப்படி விளக்கின் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பாட்டில் வாசிக்கும் அதே பலத்தில், பெருவிரல் சதையாலோ பிக்கின் ஓரத்தாலோ ஒருமுறை தட்டி, ஒரு விநாடி பொறுத்து, விளக்கு நின்ற இடத்தைப் படியுங்கள். மற்றத் தந்திகளை இடக்கை விரல்களால் மெல்லத் தொட்டு அடக்கி வையுங்கள், அவை கூடவே அதிர்ந்தால் திரை தடுமாறும்.

திரையில் தெரிவது ஓர் எழுத்தும், நடுவிலிருந்து இடமும் வலமும் பரவும் விளக்குகளும். கிற்றாரில் தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. நான்கு தந்திப் பேஸில் ஈ, ஏ, டி, ஜி. எழுத்தை முதலில் பாருங்கள், விளக்கைப் பிறகு பாருங்கள். இந்த ஒழுங்கை மாற்றியதால் அறுந்த மெல்லிய ஈத் தந்திகள் ஏராளம்: பெடல் எந்தச் சுருதியையும் காட்டக்கூடியது என்பதால், ஈக்குப் பதில் எஃப் வரை முறுக்கினாலும் பச்சை விளக்கு எரியும், முறுக்கியவர் மகிழ்வார், தந்தி மட்டும் மகிழாது. எழுத்து சரியானபின், நடுவுக்கு இடப்பக்கம் விளக்கு எரிந்தால் சுருதி குறைவு, முறுக்க வேண்டும். வலப்பக்கம் எரிந்தால் கூடுதல், தளர்த்த வேண்டும்.

எப்போதும் கீழிருந்து மேலே ஏறி முடியுங்கள். சுருதி கூடிவிட்டால் தளர்த்தும்போது நடுவில் நிறுத்திவிடாமல், நடுவைத் தாண்டி இடப்பக்கம் வரை இறக்கி, பிறகு மெல்ல முறுக்கி ஏற்றுங்கள். திருகின் பற்சக்கரங்களில் சிறு தளர்வு இருக்கும்; தலைப்பகுதிக்குக் கீழே தந்திகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்திலும் தந்தி ஒட்டிக்கொண்டு நிற்கும். தளர்த்தி முடித்த தந்தி, முதல் தடவை விரல் கொண்டு வளைத்தவுடன் அந்தத் தளர்வுக்குள் நழுவிக் கீழே போய்விடும். முறுக்கும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டுச் சுருதி குதித்தால் நட்டில் ஒட்டுகிறது என்று பொருள், தந்தியை விலக்கி அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையை இரண்டுமுறை உரசிவிட்டால் தீரும்.

ஆறு தந்திகளையும் முடித்தபின் முதலில் சேர்த்த தந்தியை மறுபடி தட்டிப் பாருங்கள். அது சற்று இறங்கியிருக்கும், ஏனென்றால் மற்ற ஐந்தையும் முறுக்கியபோது கழுத்தின் மேல் விழும் இழுவை கூடியிருக்கிறது. ஆகவே குறைந்தது இரண்டு சுற்று. வைப்ரேட்டோக் கை பொருத்திய, சுருள்வில்லில் மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிற்றார்களில் மூன்று நான்கு சுற்றுக்கூட ஆகும், பொறுமையிழக்க வேண்டாம். புதுத் தந்தி மாட்டியிருந்தால் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல மேலே இழுத்து நீட்டி, திரும்பச் சேர்த்து, சுருதி இறங்காத வரை அதையே செய்யுங்கள்.

பேஸ் வாசிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். கிற்றாரின் மெல்லிய ஈ விநாடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர்கிறது, பேஸின் தடித்த ஈயோ 41 முறை மட்டுமே. பெடல் சுருதியை அறிவது அதிர்வு திரும்பத் திரும்ப வரும் இடைவெளியை அளந்து என்பதால், பேஸுக்கு அது அதிக நேரம் காத்திருக்க வேண்டும். அதோடு அளவும் சிறியது: ஓர் அரைச்சுருதியை 100 சென்டாகப் பிரிப்பார்கள். மெல்லிய ஈயில் அந்த அரைச்சுருதி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு ஓர் அதிர்வு ஒரு ஹெர்ட்ஸ்), பேஸின் ஈயில் இரண்டரை ஹெர்ட்ஸ்கூட இல்லை. விளக்கு ஆடுகிறது, பெடல் பழுது என்று பேஸ்காரர்கள் முறையிடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். பெருவிரலால் மெதுவாகத் தட்டி, விளக்கு நிற்கும்வரை கையை எடுத்துவிடுங்கள். அப்போதும் ஆடினால், 12ஆம் பிரெட்டின் உலோகப் பட்டைக்கு நேர் மேலே விரலைத் தொட்டும் தொடாமலும் வைத்துத் தட்டி, உடனே விரலை எடுங்கள். மணியோசை போல எழும் அந்த ஒலி ஓர் ஆக்டேவ் மேலே இருப்பதால் பெடல் உடனே பிடித்துக்கொள்ளும், எழுத்தும் மாறாது. ஐந்து தந்திப் பேஸின் தடித்த பி 31 ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. அதற்கு நான் இந்த முறையைத் தவிர வேறொன்றையும் கையாளுவதில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவைக்கிறேன். கையால் எதையும் தொடாதபோதும் பெடல் தானாக ‘ஜி’ என்று காட்டி, வலப்பக்கம் விளக்கு எரிவதைச் சிலர் கண்டிருப்பீர்கள். அது பேயல்ல. இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது; ஒற்றைச் சுருள் பிக்கப் அந்த இரைச்சலை வாங்கிப் பெடலுக்கு அனுப்புகிறது; தாழ்ந்த ஜி 49 ஹெர்ட்ஸ் என்பதால், 50 அதற்கு மேலே 35 சென்ட் அளவில் போய் நிற்கிறது. இது அடிக்கடி தெரிந்தால் மின்விசிறியும் விளக்குகளும் இருக்கும் பக்கத்திலிருந்து சற்றுத் திரும்பி நில்லுங்கள், கேபிளையும் மாற்றிப் பாருங்கள்.

இனி, நான் தலைகுனிந்த கதை. ஒரு கிறிஸ்மஸ் இரவுப் பூசைக்குப் பேஸ் வாசிக்கப் போயிருந்தேன். பெடல் பச்சை காட்டியது, நான்கு தந்தியும் சுத்தம், ஆனால் கீபோர்டோடு சேர்ந்த முதற்பாட்டிலேயே பாடகர் குழு ஒருவரையொருவர் பார்த்தது. கீபோர்ட் வாசித்த தம்பியைத்தான் நான் முதலில் முறைத்தேன். காரணம் என் பையில் இருந்தது: பெடலை மற்றச் சாமான்களோடு திணித்துக் கொண்டுவந்தபோதோ, அதற்கு முன் நானே விளையாட்டாக அழுத்தியபோதோ, பெடல் மற்றச் சுருதிகளைக் கணிக்க வைத்திருக்கும் ஏவின் அடிப்படை அளவு 440 ஹெர்ட்ஸிலிருந்து 445ஆக மாறியிருந்தது. ஐந்து ஹெர்ட்ஸ் என்றால் ஏறத்தாழ 20 சென்ட். தனியே வாசித்தால் யாருக்கும் தெரியாது, கீபோர்டோடு சேர்ந்தால் புளித்துப்போகும். அன்றுமுதல் பெடலை ஒளிரச் செய்தவுடன் அந்த எண் 440தானா என்று பார்ப்பது எனக்குப் பல் துலக்குவது போல ஆகிவிட்டது.

வேண்டுமென்றே அதை மாற்ற வேண்டிய இடமும் உண்டு. பழைய ஆர்மோனியத்தோடு பசனை வாசிக்க நேர்ந்தால், அதன் சுருதியை நீங்கள் திருக முடியாது, உங்கள் தந்திதான் இறங்கியோ ஏறியோ வர வேண்டும். கைத்தொலைபேசியில் ஒரு ரியூனர் செயலியைத் திறந்து, ஆர்மோனியத்தின் ஏயை நீளமாக வாசிக்கச் சொல்லி, அது 440க்கு எவ்வளவு மேலே அல்லது கீழே என்று பார்த்து, அந்த எண்ணைப் பெடலில் அமையுங்கள். டி.யு. 3இல் 436 முதல் 445 வரை நகர்த்தலாம். பூசை முடிந்ததும் திருப்பி 440இல் வைக்க மறவாதீர்கள். மேலேயுள்ள கதை அதற்குத்தான்.

திருகோணமலையில் வாசிப்பவர்களுக்குக் காற்றும் ஒரு கூட்டாளி. குளிரூட்டிய மண்டபத்தில் சேர்த்த கிற்றாரைக் கச்சான் காற்று வீசும் வெளி மேடைக்குக் கொண்டுபோனால், எஃகுத் தந்தி சூட்டில் விரிந்து சுருதி இறங்கும். ஆகவே உள்ளே சேர்த்ததை நம்பாமல், வாத்தியத்தை மேடையில் கால் மணிநேரம் வைத்துவிட்டுச் சேருங்கள். மாலை நேரத்துக் கடற்கரை வெயிலில் பெடலின் விளக்கு மங்கித் தெரியும். பிரகாசத்தைக் கூட்டும் வசதி இருந்தால் கூட்டுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நிழல் பெடலில் விழுமாறு நில்லுங்கள். உப்புக்காற்றில் துருப்பிடித்த தந்தி ஒரே சீராக அதிராது என்பதால், திறந்த தந்தியில் பச்சை காட்டிய பெடல் 12ஆம் பிரெட்டை அழுத்தித் தட்டும்போது விலகிக் காட்டும். தந்தியை மாற்றியபின்னும் அந்த விலகல் தொடர்ந்தால் பிரிட்ஜில் தந்தி தங்கும் சிறு கட்டையை நகர்த்த வேண்டும், அது வேறொரு நாள் வேலை.

எல்லாம் முடிந்ததும் ஒரு முறை மிதித்து ஒலியைத் திரும்பக் கொண்டுவந்து, அம்பிளிபயரை மெல்லத் திறந்து, ஓர் ஈ மேஜர் கோர்டைக் காதால் கேளுங்கள். பெடல் பச்சை காட்டியும் காதுக்கு உறுத்தினால் பெரும்பாலும் ஒரு தந்தியை அவசரமாகத் தட்டியிருப்பீர்கள், அதை மட்டும் திரும்பப் பாருங்கள். வாசிப்பு முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, பற்றரி போட்ட பெடலாக இருந்தால், கிற்றார்ப் பக்கத்துக் கேபிளைப் பெடலிலிருந்து கழற்றிவிடுங்கள். அந்தத் துளையில் பிளக் இருக்கும்வரை, திரை அணைந்திருந்தாலும் பற்றரி செலவாகிக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு பருத்தித் துணியால் தந்திகளை மேலும் கீழும் துடைத்து, பெட்டியை மூடுங்கள்.