பாதை இல்லாத மலையா? திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள்

பாதையே இல்லாத மலையில் வழி தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏறும்போது எந்தச் சரிவானாலும் உச்சிப் பக்கம்தான் கொண்டுபோகும். இறங்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கு இழுக்கும். அதனால் கால் மணிக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பாருங்கள். பிளந்த பாறையோ ஓடை வளைவோ, கண்ணில் பட்டதை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மேகம் மூடிவிட்டால்? கடைசியாக ஏறிய திசை திசைகாட்டியில் 40 டிகிரி என்றால், இறங்க 220. 180 கூட்டினால் சரி; 360ஐத் தாண்டினால் 360ஐக் கழித்துவிடுங்கள். (நேராக ஏறியிருந்தால்தான் இது பலிக்கும்.)

அப்புறம் நேரம். ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. புதரிலும் சேற்றிலும் அது எடுபடாது. நான் பாதி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்வேன்.