நுவரெலியாவில் ஊமையான அப்பாவின் ஆர்மோனியம்

அப்பா தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்தில் உபதேசியாராக, அதாவது கிறிஸ்தவ சபையில் போதிக்கும் ஊழியராக, இருந்தவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துச் சபைகளில் ஒருமுறை பாட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1854இல் இலங்கைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களுக்கான கிறிஸ்தவ ஊழியமான தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலி உபதேசியார்கள் அங்கே போன கதையைச் சலிக்காமல் சொல்லுவார். அவர் காலமான மறுவருஷம் அம்மா, தங்கை, நான் மூவரும் அவருடைய ஆர்மோனியப் பெட்டியோடு நுவரெலியா கிளம்பினோம்.

மதுரை வெயிலில் நன்றாகப் பாடிய பெட்டி, 1,868 மீட்டர் உயரத்து ஈரத்தில் மூன்றாம் நாளே முடங்கிவிட்டது. நாலைந்து கட்டைகள் அழுத்தினால் மேலே வரவில்லை. நடு ஸ்தாயி சட்ஜம் சுத்தமாக ஊமை. மறுநாள் காலை ஆராதனை!

லயக்காம்பராவில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒரு பெரியவர், "தம்பி, மரம் ஊதியிருக்கு, பலவந்தம் பண்ணாதீங்க" என்றார். மேல்மூடியைக் கழற்றி, ஒரு முழம் தள்ளி 40 வாட் குண்டு பல்பை இரவெல்லாம் எரியவிட்டோம். விடிந்ததும் கட்டைகள் இளகின. சட்ஜம் மட்டும் பேசவில்லை. திருகுகளைக் கழற்றிப் பார்த்தால், ஒலி எழுப்பும் பித்தளை ரீடின் நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே பஞ்சுபோல ஒரு தூசி. மெல்லிய தாளை அடியில் செருகி இழுத்தேன், நாக்கை நகத்தால் லேசாகச் சுண்டினேன், ஒலித்தது. (ஊசியால் சுரண்டாதீர்கள், சுருதி போய்விடும்.)

அப்புறம் தினமும் ஒரு துணிமுடிச்சில் வறுத்த அரிசியைக் கட்டிப் பெட்டிக்குள் வைத்தோம். ஊர் திரும்பும்வரை தொந்தரவில்லை. அம்மாதான் துருத்தி போட்டாள்.