புது மோட்டாரில் கை வைக்கும் முன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கடைக் கதவைப் பாதி தூக்கும்போதே வாசலில் ஒரு யமாஹா ஒய்15 மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இருக்கையின் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழியவில்லை. மீட்டரில் 312 கிலோமீட்டர். ஓட்டி வந்த பையன் லிந்தாங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன், சிம்மோரில் தொழிற்சாலை வேலை.

"அண்ணே, 62 புளோக் போடணும். எவ்வளவு ஆகும்?"

எஞ்சினின் சிலிண்டர் புளோக்கைக் கழற்றிவிட்டு, 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரியதைப் போடச் சொல்கிறான். "பசியாறிட்டியா?" என்று கேட்டு வைத்தேன். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. ஏனென்றால் 2008-இல் மலேசியாவின் இதே சுங்கை சிப்புட்டில், இதே கேள்வியை வேறொரு போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், கேட்டவன் நான்.

ஹெல்மெட் போடு, எண்ணெய் மாற்று, முதல் ஆயிரம் கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டு என்பதையெல்லாம் சாவி கொடுக்கும்போதே கடையில் சொல்லிவிடுகிறார்கள். அதை விடுகிறேன். மாற்றவே கூடாது என்று சொல்பவனும் இல்லை நான். மாற்றிக் கொடுத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. புது மோட்டாரோடு வருகிறவர்கள் எங்கே வழுக்கி விழுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

எக்ஸோஸ்

புகைக்குழாயை மாற்றிச் சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காதுக்குத் தோன்றும். பக்கத்தில் ஒரு சாதாரண ஹோண்டா இ‌எக்ஸ்5-ஐ ஓட விட்டுப் பாருங்கள், எவ்வளவு கூடியது என்று தெரிந்துவிடும். காலை ஆறரைக்கு லயன் வீடுகளைத் தாண்டி அந்தச் சத்தத்தோடு போகிறவன் வீட்டாரை எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், அது வேறு விஷயம். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பழைய எக்ஸோஸைத் துடைத்து வீட்டில் வையுங்கள். போலீஸ் சாலைத் தடுப்பில் மாட்டிக்கொண்டபிறகு அதைத் தேடி என்னிடம் ஓடி வருகிறவர்கள் மாதம் இரண்டு பேர்.

மெல்லிய டயர்

ஒய்15-க்குப் பின்னால் 120 அகல டயரைத் தொழிற்சாலைக்காரன் அழகுக்காகப் போடவில்லை. அதைக் கழற்றிவிட்டு சைக்கிள் டயர் மாதிரி ஒன்றைப் போட்டு, மழை பெய்த செம்மண் பாதையில் செம்பனைக் குலை டிராக்டரை முந்தப் போவார்கள். முன்னால் டிராக்டர் சிந்திய பழம் நசுங்கிக் கிடக்கும். அதன் மேல் பிரேக் பிடித்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

நம்பர் பிளேட்

தொடாதீர்கள்.

எஞ்சினைத் திறப்பது

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2008-இல் என்னிடம் இருந்தது யமாஹா எல்சி 135. மூன்றே மாதம் ஓடிய மோட்டார், தவணை இன்னும் முப்பத்து மூன்று மாதம் பாக்கி. அதன் பிஸ்டன் விட்டம் 54 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஓட்டம் 58.7, கணக்குப் போட்டால் 134 சிசி. 62 புளோக் போட்டால் அது 177 ஆகிவிடும். எட்டு மில்லிமீட்டரில் நாற்பத்து மூன்று சிசி! கணக்கு பார்க்க அருமையாக இருந்தது. ஒய்15-இன் ஓட்டமும் அதே 58.7 தான், பிஸ்டன் மட்டும் 57. ஆகவே அதற்கு 62 போட்டாலும் அதே 177 தான் வரும்.

கணக்கில் வராதது இது. பெரிய சிலிண்டர் ஒவ்வொரு முறையும் அதிகக் காற்றை இழுக்கிறது. அதற்கேற்ற பெட்ரோலும் கூட வேண்டும். என் மோட்டார் கார்புரேட்டர் வகை. அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றியிருக்க வேண்டும். போமன் மாற்றவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இன்றைய ஒய்15-இல் கார்புரேட்டர் கிடையாது, ஊசி வழியாகத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன். புளோக்கை மாற்றிய சேதி அதன் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாராவது சொல்லிக் கொடுக்காவிட்டால் 149 சிசிக்கு உண்டான கணக்கில்தான் தெளித்துக்கொண்டிருக்கும். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் உள்ளே சூடு ஏறும். பிஸ்டன் வீங்கும். வீங்கினால் சிலிண்டர் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

என்னுடையது பிடித்துக்கொண்டது ஈப்போ போகும் பழைய சாலையில், கந்தான் சுண்ணாம்புக் குன்றுக்கு எதிரே. ஒரு 'கிரீச்', பின் சக்கரம் இறுகி, மோட்டார் இரண்டு முறை வாலை ஆட்டியது. நல்ல வேளை, விழவில்லை. பின்னால் வந்த சிமெண்டு லாரி எவ்வளவு நேரம் ஹார்ன் அடித்தது என்று இன்றைக்கும் சொல்வேன். கூட வந்த சிநேகிதன் தன் மோட்டாரில் இருந்தபடியே என் கால்மிதியில் காலை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். வீடு வரை இருவரும் பேசவில்லை.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக எரியும் எஞ்சினில் அதன் முனை தே தாரேக், அதாவது பால் தேநீர் நிறத்தில் இருக்கும். என்னுடையது அந்தக் குன்றை வெட்டிய முகம் போல வெள்ளை வெளேர் என்று இருந்தது. நூறு கிலோமீட்டர் முன்னால் கழற்றிப் பார்த்திருந்தால் பிளக்கே சொல்லியிருக்கும்.

சரி, எஞ்சின் போனது போகட்டும். பதினெட்டு வருஷம் ஆகியும் எரிச்சல் தீராதது இன்னொன்று. புது புளோக்கை மாட்டிய அன்றைக்கு போமன், "பழசு உனக்கு எதுக்கு? நூறு வெள்ளி கழிச்சுக்கிறேன்" என்றார். நானும் பெருந்தன்மையாகக் கொடுத்துவிட்டேன். யமாஹாவின் அந்தச் சிலிண்டர் டையாசில் வகை: சிலிக்கன் கலந்த அலுமினியம், உள்ளே இரும்புச் சட்டை கிடையாது, சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். மூன்று மாதமே ஓடிய அந்தப் புளோக்கை நூறு வெள்ளிக்குக் கொடுத்தேன். பழையபடி ஆக்கலாம் என்று போனால் புளோக், பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து என் ஒன்றரை மாதச் சம்பளம். ஆறு மாதம் கழித்துப் பசாரில் ஒருவன் மோட்டாரில் என் புளோக்கைப் பார்த்தேன். நானே ஸ்பானர் நழுவிப் போட்ட கீறல் மேல் மூலையில் அப்படியே இருந்தது. எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கேட்டேன். சொன்னான். கேட்டிருக்கக் கூடாது.

தாளிலும் ஒரு வம்பு இருக்கிறது. பதிவுப் பத்திரமான கெரானில் 149 சிசி, உள்ளே ஓடுவது 177. 150-ஐத் தாண்டினால் சாலை வரியே வேறு வகுப்பு. எஞ்சின் அளவை மாற்ற சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வேண்டும். இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்த மாற்றம், மோதலுக்குப் பிறகு பணம் கேட்கப் போகும்போது அவர்கள் கைக்கு நல்ல சாக்கு. வாரண்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம், வெளியில் எஞ்சினைத் திறந்த அன்றே அது போயிற்று.

என்னைக் கேட்டால் முதல் பத்தாயிரம் கிலோமீட்டர் அப்படியே ஓட்டுங்கள். அதற்குள் உங்களுக்குக் குறையாகப் படுவது பெரும்பாலும் எஞ்சினாக இருக்காது. இருக்கை கடினம், பிரேக் போதாது, மழையில் டயர் வழுக்குகிறது, இப்படித்தான் வரும். அவற்றை மாற்றுங்கள், நானே மாற்றித் தருகிறேன். ஏற்றத்தில் இழுவை போதவில்லையா, பின் பல்சக்கரத்தில் ஒரு பல்லோ இரண்டோ கூட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிவிடலாம்.

ஒயர்

கலர் விளக்குக்கு ஒயரை அறுத்து முறுக்கி டேப் சுற்றுவது. நம் ஊர் மழைக்கு டேப் எத்தனை நாள் தாங்கும்? பகலிலும் முன் விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் இங்கே சட்டம். உங்கள் நீல விளக்குக்காக அது அணைந்து போனால் சம்மன் உங்களுக்குத்தான்.

மோட்டாரைத் தாழ்த்துவது

தோட்டத்துப் பாலத்தைத் தாண்டிப் பாருங்கள்.

அந்தப் பையனுக்கு இதையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அப்புறம் புதன்கிழமை வேறு கடையில் 62 போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய சட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, இது உங்ககிட்டயே இருக்கட்டும். வீட்டுல வச்சா அப்பா பாத்துடுவாரு."

பிரித்துப் பார்த்தேன். 312 கிலோமீட்டரோ 400-ஓ ஓடிய புளோக், உள்சுவர் கண்ணாடி போல இருந்தது. கதவோரத்து அலமாரியின் மேல் தட்டில், அவன் நம்பரை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.