மலைக்கும் மருதத்துக்கும் ஒரே அரிதட்டு: நீர்ப்பூச்சி பார்க்கும் முறை

உயரம் கூடக்கூட நீர்ப்பூச்சிகள் எப்படி மாறுகின்றன என்று செயற்றிட்டம் செய்ய விரும்பும் உயர்தரப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் மட்டும் அதைத் தேடவேண்டாம் என்பதுதான். தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அராலியில் கடலேரியோடு சேரும்வரை வழுக்கையாற்றுக்குச் சில மீற்றர் சரிவுதான். அதைத் தாழ்நிலத்து முனையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற முனைக்கு, நுவரெலியாப் பக்கம் சுற்றுலா போகும்போது ஒரு நீரோடை. அந்த நகரம் சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது.

மாரி வெள்ளம் ஓடும்போது இறங்காதீர்கள். ஆபத்து ஒருபுறம், பூச்சிகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும். தை பிறந்து தண்ணீர் தெளிந்தபின், கந்தரோடைப் பக்கம் பாருங்கள். அராலிக்குக் கிட்டப் போனால் உவர் ஏறும். பூச்சி குறைந்ததற்குக் காரணம் உயரமா உப்பா என்று பிரித்தறிய முடியாது.

மா அரிக்கும் அரிதட்டு, வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி, வெப்பமானி போதும். (அரிதட்டைப் புதிதாக வாங்குங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்.) ஓட்டத்தை எதிர்நோக்கிப் பிடித்து, அதற்கு மேற்பக்கம் காலால் இரண்டு நிமிடம் கிளறுங்கள். மலையிலும் அதே இரண்டு நிமிடம்தான். அங்கே கல்லடியையும் கரைப்புல்லையும் தனித்தனியாக எடுங்கள். இங்கத்தைய புல்லை அங்கத்தைய கல்லோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைக்கும்.

பெட்டியில் கொட்டியதும் கைவைக்காமல் பொறுத்திருங்கள். முதுகால் நீந்தும் பூச்சிகள் உடனே துள்ளும். சேற்றுத் துண்டுபோலக் கிடப்பது தும்பிக் குடம்பி, அதாவது தும்பியின் இளம் பருவம். குச்சியால் தொட்டால் பின்புறத்தால் தண்ணீரைப் பீச்சி ஒரே பாய்ச்சலாக முன்னே போகும். சிவந்த புழு கண்டால் நுளம்பென்று கொட்டிவிடாதீர்கள். அது கடிக்காத ஒருவகைச் சிற்றீயின் குடம்பி. ஈமோகுளோபின் இருப்பதால் ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும்.

மலை ஓடைக் கற்களில், ஸ்டோன்பிளை (stonefly) என்ற பூச்சியின் இரண்டு வாலிழையுள்ள குடம்பியைத் தேடுங்கள். வழுக்கையாற்றில் அதை எதிர்பார்க்கவேண்டாம். ஆயிரம் மீற்றருக்குச் சுமார் 6.5 பாகை வீதம் காற்று குளிர்கிறது. குளிர்நீர் கூடுதல் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும்தான். ஆனால் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அந்த லாபத்தில் பெரும்பகுதி போய்விடும். குளிரில் பூச்சிக்கு மூச்சுத் தேவை குறைவது, கல்லில் மோதி ஓடும் நீர் காற்றைக் கலப்பது, இவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

வழுக்கையாற்றில் இன்னொன்று: கோடையில் ஆறே வற்றிவிடும். பறந்து தப்பும் வண்டுகளும், சில கிழமைகளிலேயே வளர்ந்துவிடும் மஞ்சள் தும்பியும் அதற்கு ஈடுகொடுக்கும். ஆகவே உயரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிரலும் போடுங்கள்: அந்த இடத்தில் வருடத்துக்கு எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது என்று. கரையில் தோட்டம் செய்பவர்களைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.