மலைநாட்டில் பழைய கிட்டார் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

"நன்கு பேணப்பட்ட பழைய அக்கூஸ்டிக் கிட்டார் விற்பனைக்கு" என்ற அறிவிப்பைக் கண்டு நுவரெலியாவுக்கோ ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ பார்க்கப் போகிறவர், மேற்பூச்சின் பளபளப்பில் மனதைப் பறிகொடுக்காமல், கிட்டாரின் உட்புறத்தையும் கழுத்தின் கோணத்தையும் பார்த்த பின்னரே விலை பேச வேண்டும்.

இதற்குக் காரணம் நம் மலைகளின் காலநிலை. கிட்டார் மரத்துக்கு 45 முதல் 55 சதவீதம் வரையான ஈரப்பதமே உகந்தது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், தென்மேல் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், காற்று அதைவிட மிகுந்த ஈரத்தோடு இருக்கும். மரம் அந்த ஈரத்தைக் குடித்து உப்பும்போது மேற்பலகை மேலெழுந்து கம்பிகளையும் உயர்த்திவிடும். பழைய பசையின் பிடியும் தளரும். அதே கிட்டாரைக் கணப்பு எரியும் பங்களா அறையிலோ, லயத்துக் குசினியின் அடுப்புச் சுவரிலோ மாட்டி வைத்திருந்தால், மரம் சடுதியாகக் காய்ந்து வெடிக்கும். ஆகவே, "இத்தனை வருடமும் இதை எந்த அறையில் வைத்திருந்தீர்கள், ஐயா?" என்பதே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அலுமாரிக்குள் பெட்டியோடு இருந்தது என்றால், பெட்டியைத் திறந்தவுடன் பூஞ்சண வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

கையோடு ஒரு சிறிய கண்ணாடி, 60 சென்றிமீற்றர் இரும்பு அடிமட்டம், மெல்லிய காகிதத் துண்டு, புதிய கம்பித் தொகுதி ஒன்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்; வெளிச்சத்துக்குக் கைபேசி போதும். விற்பவரின் அனுமதியுடன் புதிய கம்பிகளை மாட்டி முழுச் சுருதிக்கு ஏற்றிய பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும். மெல்லிய ரகக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் இழுவிசையைத் தருவதால், தளர்ந்த கம்பியில் மறைந்திருக்கும் குறைகள் அப்போதுதான் வெளிப்படும்.

மிகுந்த நேரத்தைக் கழுத்துக்குக் கொடுங்கள். அடிமட்டத்தை ஃப்ரெட்டுகளின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிப் பட்டைகளின்) மேல் நெடுக வைத்து, அதன் நுனி பிரிட்ஜின் (மேற்பலகையில் ஒட்டிய, கம்பிகளின் அடிமுனையைப் பிடிக்கும் மரத்துண்டின்) மேல்விளிம்பை ஒட்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். நுனி அதற்குக் கீழே, பிரிட்ஜின் முன்முகத்தில் இடித்தால், கம்பிகளின் இழுப்பில் கழுத்து முன்னோக்கிச் சாய்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சீராக்கக் கழுத்தைக் கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டும். அந்தக் கைவேலை தெரிந்தவரை மலையகத்தில் கண்டுபிடிப்பது எளிதல்ல. 12ஆவது ஃப்ரெட்டில், தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 2.5 மில்லிமீற்றர் அளவு இடைவெளி இருப்பது வாசிக்க வசதியானது. அது 4 மில்லிமீற்றரைத் தாண்டியிருக்க, சேடலும் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையும்) ஏற்கெனவே தேய்த்துத் தாழ்த்தப்பட்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தக் கிட்டாரை நான் வாங்க மாட்டேன்.

பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. ஆனால் இது திருத்தக்கூடிய குறை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடுத்து, கம்பிகளைத் தளர்த்தி, கண்ணாடியை ஒலித்துளை வழியே விட்டு, பலகையை உள்ளிருந்து தாங்கும் மரச்சட்டங்களின் நுனிகளைப் பாருங்கள். சட்டத்துக்கும் பலகைக்கும் இடையே மயிரிழை போன்ற கறுப்புக் கோடு தெரிந்தால் அது பிரிந்து வருகிறது. விரல்முட்டியால் மேற்பலகையை மெதுவாகத் தட்டும்போது கேட்கும் சலசலப்பும் அதையே சொல்லும். மாவு போன்ற மரத்தூள் புதிதாக உதிர்ந்து கிடந்தால் மரத்தைத் துளைக்கும் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது. அத்தகைய கிட்டாரை வீட்டு வாசலுக்குக்கூடக் கொண்டுவர வேண்டாம்.

கிட்டாரின் வயதை வாய்ச்சொல்லால் நம்பாமல் லேபலைப் பார்த்து அறிய வேண்டும். யமஹா கிட்டாரின் லேபலில் நிப்பொன் கக்கி என்ற பெயர் இருந்தால், அது நிறுவனம் பெயர் மாறிய 1987க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். 1966இல் வந்த யமஹா எஃப்.ஜி-180இன் மேற்பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. சேகரிப்பவர்கள் இதைக் குறையாகக் கருதினாலும், ஈரமும் வறட்சியும் மாறி மாறி வந்தாலும் அது எளிதில் வெடிக்காது என்பதால் நம் ஊருக்கு அதை நான் துணிந்து பரிந்துரைப்பேன். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனக் கிட்டார்களில் 1898 முதல் இடப்பட்டுவரும் தொடர் எண்ணை, ஒலித்துளை வழியே கழுத்துக்கட்டையில் (கழுத்து உடலோடு சேருமிடத்தில் உள்ளிருக்கும் கட்டையில்) காணலாம்.

வாங்கிய பின், நுவரெலியாவிலிருந்து ஊவாப் பக்கத்துக்குக் கொண்டு செல்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்: ஈரமழையிலிருந்து அந்தப் பக்கத்தின் ஆடிமாத வறட்காற்றுக்குள் போகும் மரம் சட்டென்று சுருங்கும். வீட்டை அடைந்ததும் பெட்டியை உடனே திறக்காமல் ஓரிரவு மூடியே வைத்து, மறுநாள் கம்பிகளைச் சிறிது சிறிதாகச் சுருதிக்கு ஏற்றுங்கள். மழைமாதங்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு, நாள்கணக்கில் வாசிக்காதபோது எல்லாக் கம்பிகளையும் ஒரு சுருதி இறக்கி வையுங்கள்.