காதிரைச்சலுக்குக் குளிசை வாங்கும் முன்

பெரும்போக அறுவடை முடிந்து சம்மாந்துறையிலும் செங்கலடியிலும் நெல் ஆலைகள் ஓயாமல் ஓடும் மாதங்களில், "காதுக்குள்ள வண்டு இரையிது தம்பி, இதுக்கு என்ன குளிசை நல்லம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் சற்று ஏமாற்றம் தருவதுதான். காதிரைச்சலை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட ஊட்டச்சத்துக் குளிசை எதுவும் இன்று இல்லை. உடலில் ஒரு சத்துக் குறைவாக இருந்தால் அதை நிரப்புவது மட்டுமே இத்தகைய குளிசைகளால் ஆகும். ஆகவே குளிசை வாங்குவது கடைசிப் படி. அதற்கு முன் செய்யவேண்டியவை சில உள்ளன.

முதலில் காதைக் காட்டுங்கள். இரைச்சலுக்குக் காரணம் வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். அதை வைத்தியசாலையில் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் கோழியிறகு விட்டுக் குடைவதும், சூடாக்கிய தேங்காயெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு சேர்ந்து கேட்கும் இரைச்சல், தலைச்சுற்று ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கோ உங்களுக்கு அண்மையிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கோ தாமதிக்காமல் செல்லுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமற் போனால் அது அவசர நோய். அதற்குரிய ஸ்டீரொயிட் சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கூடுதல் என்பதால், குளிசைப் போத்தலை நம்பி இரண்டு வாரம் காத்திருந்தவர் கேட்கும் திறனையே பணயம் வைத்தவராகிறார்.

வைத்தியரிடம் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கூடிய அளவில் எடுக்கும் அஸ்பிரின், சலம் போவதற்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள், குயினைன் ஆகியனவே இரைச்சலை உண்டாக்கக்கூடும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. குருதிச்சோகை, தைரொயிட் கோளாறு, விற்றமின் பி12 குறைபாடு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். நீரிழிவுக்குப் பல ஆண்டுகளாக மெற்போமின் எடுப்பவர்களுக்கும், நெடுங்காலம் சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும் பி12 குறைவது வழமை. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். குறைவு உறுதியானால் வைத்தியர் தரும் குளிசையோ ஊசியோ பயனுள்ளது. இரைச்சல் குறையாவிட்டாலும் நரம்புகள் பிழைக்கும். இரும்புக் குளிசை தந்திருந்தால் அதைப் பிளேன்டீயோடு விழுங்காதீர்கள், தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது.

மருந்துக்கடையில் அதிகம் கேட்கப்படும் ஜிங்கோவின் (ஒரு மரத்தின் இலைச் சாற்றிலிருந்து செய்யும் குளிசை) கதை வேறு. பிரித்தானியாவில் 1,121 பேர் பங்கேற்று 2001 இல் வெளியான ஓர் ஆய்வில், பாதிப்பேருக்கு நாளுக்கு 150 மில்லிகிராம் ஜிங்கோவும் மீதிப்பேருக்கு வெறும் போலிக் குளிசையும் 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜிங்கோ, தூக்கத்துக்கு எடுக்கும் மெலற்றோனின், நாகம் (சிங்க்) போன்ற குறைநிரப்பிகளை நீடித்த காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்கக்கூடாது என்று அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்களின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டியும் கூறுகிறது. அஸ்பிரினோ, இரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் வாபரினோ எடுப்பவர் ஜிங்கோவையும் சேர்த்தால் இரத்தக்கசிவு அபாயமும் கூடும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் போத்தல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒன்றின் முன்பக்கத்தில் காதின் படமும் "அமைதி" என்ற பொருள்படும் ஒரு சொல்லும் பெரிதாக இருந்தன. பின்பக்கத்தில், எறும்பளவு எழுத்தில், இது எந்த நோயையும் குணப்படுத்துவதற்கானதல்ல என்று அச்சிட்டிருந்தார்கள். முன்பக்கத்தை விற்பனைக்காரர் எழுதுகிறார், பின்பக்கத்தைச் சட்டம் எழுதவைக்கிறது. ஆகவே பின்பக்கத்தையே படியுங்கள். உதாரணமாக, நாகசல்பேற்று 220 மில்லிகிராம் என்றிருந்தால் அதில் உடலுக்குச் சேரக்கூடிய நாகம் ஏறத்தாழ 50 மில்லிகிராம். வளர்ந்தவருக்கு நாளுக்கு உச்ச வரம்பாகச் சொல்லப்படுவதோ 40. நாகத்தை நெடுநாள் மிகையாக எடுத்தால் உடலில் செப்புக் குறைந்து, குருதிச்சோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். விற்றமின் பி6 உம் அப்படித்தான். அளவு மிஞ்சினால் கைகால் விறைப்பைத் தரும்.

குறைபாடு இல்லாதவருக்கு உணவே போதும். வாவி நண்டிலும் மட்டியிலும் நாகம் உண்டு. சூடை மீனிலும் முட்டையிலும் எருமைத் தயிரிலும் பி12 உண்டு. கச்சான், எள்ளு, பூசணி விதை, தவிடு நீக்காத சிவப்பரிசி ஆகியவற்றில் மக்னீசியம் உண்டு. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால், பிரஷர் உள்ளவர்கள் அதை அளவோடு உண்ணவேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றை முயன்று பார்க்க விரும்பினால், வைத்தியரிடம் சொல்லிவிட்டு ஒரு நேரத்தில் ஒரே ஒரு சத்தை மட்டும் எடுங்கள். ஒரு கொப்பியில் நாள்தோறும் படுக்கைக்குப் போகும்போது இரைச்சலுக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள்; குளிசை தொடங்குவதற்கு முந்திய இரண்டு வாரமும் எழுதினால்தான் ஒப்பிட முடியும். மூன்று மாதத்தில் எண் இறங்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். தைரொயிட் குறைவுக்குத் தரப்படும் தைரொக்சின் குளிசைக்கும் இரும்பு, மக்னீசியம் குளிசைகளுக்கும் இடையில் நான்கு மணி நேரம் விடவேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் மக்னீசியத்தைத் தாமாகத் தொடவே கூடாது.

மக்னீசியத்துக்குச் சாதகமாக ஓர் ஆய்வு உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது. 1994 இல் வெளியான அதில், துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே இரண்டு மாதம் பயிற்சி பெற்ற இளம் படைவீரர்களில், நாளுக்கு 167 மில்லிகிராம் மக்னீசியம் பெற்றவர்களிடம் நிரந்தரச் செவிப் பாதிப்புக் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் அது வருமுன் காத்தல். வந்துவிட்ட இரைச்சலுக்கான மருந்தல்ல. மேலும், அந்த வீரர்கள் எல்லோருமே காதடைப்பான் அணிந்திருந்தார்கள்.

ஆலையிலோ அறுவடை இயந்திரத்திலோ வேலை செய்பவருக்கு அந்தக் காதடைப்பானைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். சத்தத்தின் அளவு டெசிபலில் சொல்லப்படும்; 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காதுக்கு 88 டெசிபலில் நான்கு மணி நேரம்தான் பாதுகாப்பு. பஞ்சு போன்ற மென்மையான அடைப்பானை விரல்களுக்கிடையில் மெல்லிய திரியாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, அதை உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாகப் பொருந்தினால் உங்கள் சொந்தக் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.